விராலடிப்பானுக்கு வீடு எங்கே?

மீனையன்றிப் பிறிதோர் இரையைப் பெரும்பாலும் நாடாத வேட்டைப் பறவை ஒன்று உண்டு. வானிலே சிறகடித்து ஓரிடத்து நின்று நீரை நோக்கும். மீன் தென்பட்டதும் கால்களை முன்னே நீட்டி அம்பு போல் வீழும். சில வேளை உடல் முழுதும் நீருள் மறையும். பின்னர் நனைந்த சிறகை உதறிக்கொண்டு, மீனின் தலை முன்னோக்கும்படி இரு கால்களாலும் பற்றி எழும். ஆங்கிலத்தார் இதனை ஒஸ்பிரே என்பர். தமிழிலே விராலடிப்பான் என்று இதற்குப் பெயர்.

சொல்லாராய்ச்சியில் விருப்புடையார்க்கு இவ்விரு பெயர்களும் சுவை தருவன. ஆங்கிலப் பெயர் 'எலும்பை உடைப்பது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்றும் திரிந்தது. விராலடிப்பான் எலும்பை உடைத்துண்பதன்று. வேறொரு பெரும்பறவைக்குரிய பெயர் வழிதவறி வந்து இதன் தலைமேல் ஏறிற்று. தமிழ்ப் பெயரோ தொழில்பற்றி வந்த காரணப்பெயர். பார்த்தவன் இட்ட பெயர் என்பது கேட்ட மாத்திரத்தே விளங்கும். அறிவியலார் 1809ஆம் ஆண்டு முதல் இதன் பேரினத்தைப் 'பண்டியோன்' என வழங்குகின்றனர். அது கிரேக்கப் புராணத்து அதென்ஸ் வேந்தன் ஒருவனது பெயர். பண்டைக் கிரேக்க ஆசிரியர் நம் பாண்டியரையும் ஏறக்குறைய இவ்வாறே எழுதிவைத்தனர். அதனைப் பிடித்துக்கொண்டு விராலடிப்பானை மதுரைக்கு உரிமையாக்க எவரேனும் முற்படுவாராயின், மாணவர்கள் அவரை நம்பாதிருப்பார்களாக.

இலங்கைக்கு இப்பறவை மாரிகால விருந்தாளி. களப்புகளிலும் பெருங்குளங்களிலும் ஒன்றிரண்டாக வந்து தங்கி, வேனில் தொடங்குமுன் வடக்கே மீளும். இங்கே கூடு கட்டுவதில்லை. அதனால் இதன் இல்வாழ்க்கையைக் காணும் வாய்ப்பு நமக்கில்லை. அதனைக் காண்போருள் ஐரோப்பியரும் அமெரிக்கரும் உளர். அவர்கள் காண்பதோடு நின்றுவிடவில்லை. இப்பறவைக்குத் தம் கையாலே கூடு கட்டியும் கொடுக்கின்றனர். கொடுக்கின்ற கூட்டை எங்கே வைப்பது என்பதில் நெடுங்காலமாக வழக்கும் ஆடுகின்றனர். அவ்வழக்கைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

வழக்கை விளங்கிக்கொள்ளக் கூட்டின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். விராலடிப்பான் மறைவிடம் தேடுவதன்று. சூழவுள்ள மரங்களிலெல்லாம் உயர்ந்த ஒன்றன் உச்சியிலே, வானம் திறந்திருக்கும் இடத்திலே, சுள்ளிகளை அடுக்கிப் பாசியும் புல்லும் பரப்பித் தன் கூட்டை அமைக்கும். ஆண்டுதோறும் அதன்மேற் புதிய சுள்ளிகளை ஏற்றும். பல ஆண்டு கழிந்த கூடு ஓர் ஆள் படுத்து உறங்கத்தக்க அகலம் உடையதாய்விடும். குஞ்சுகள் பறந்தபின் ஆணும் பெண்ணும் தனித்தனியே பிரிந்து செல்லும். ஸ்கொட்லாந்திற் பிறந்தவை மேற்கு ஆபிரிக்காவின் செனகல், கம்பியா முதலிய நாடுகளின் கரையோரங்களை அடைந்து அங்கே மாரியைக் கழிக்கும். அங்கே அவை சேர்ந்து வாழ்வதில்லை. மறு ஆண்டு பங்குனி சித்திரையில் ஒன்றன்பின் ஒன்றாக அதே மரத்தின் அதே கூட்டுக்கு வந்து சேரும். இணையைப் பிரித்து வைப்பது கடல். சேர்த்து வைப்பது கூடு.

குடம்பை என்னும் சொல்லுக்குக் குறளிலே 'கூடு' என்று பொருள் கொண்டாரை மறுத்து, 'முட்டை' என்றே பரிமேலழகர் உரை கண்டதை நம் மாணவர் அறிவர். விட்டுப்போன கூட்டுக்குப் பறவை மீண்டும் வந்து புகும். ஆகலின் உயிர் விட்டுப்போகும் உடம்புக்குக் கூடு உவமையாகாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. உரையாசிரியரது கட்சி கொள்ளத்தக்கதா என்பதை இங்கே விவாதிக்கப் புகேன். ஆனால் மீண்டு வந்து புகுதற்கு விராலடிப்பானிற் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

இத்தகைய பறவையை அழிப்பது எளிது. இருக்குமிடம் யாவர்க்கும் தெரியும். தவறாமல் அங்கேயே திரும்பி வரும். 19ஆம் நூற்றாண்டிலே ஸ்கொட்லாந்தில் வேட்டைக்காவலரும் மீன்பண்ணை உடையோரும் இதனைச் சுட்டனர். அவர் விட்டுவைத்ததை முட்டை சேகரிப்போர் முடித்தனர். வெண்சாந்திற் செம்மண் கரைத்துத் தெளித்தாற் போன்ற இதன் முட்டை மிக அழகியது. லொக் அன் எலன் என்னும் ஏரியின் நடுவே இடிந்த கோட்டை ஒன்று உண்டு. அதன் மதில்மேற் கூடு இருந்தது. பனி உருகிய நீரிலே நீந்திச் சென்று முட்டைகளை எடுத்தாரும் உளர். ஓர் இனம் அருகுந்தோறும் அதன் முட்டைக்கு விலை ஏறும். விலை ஏறுந்தோறும் இனம் மேலும் அருகும். 1899க்குப் பின் அக்கோட்டையிற் கூடு இல்லை. 1916ஆம் ஆண்டோடு ஸ்கொட்லாந்து முழுவதிலுமே இது குஞ்சு பொரித்தல் நின்றுபோயிற்றென்று எழுதிவைத்தனர். இங்கிலாந்திலே அதற்கும் பல்லாண்டு முன்னரே ஒழிந்துவிட்டது.

1954இல் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, லொக் கார்ட்டன் ஏரியை அடுத்த பைன் காட்டில் ஓரிணை மீண்டும் கூடு கட்டிற்று. ஸ்கண்டினேவியாவுக்குப் போகவேண்டியவை வழிவிலகி வந்தனவென்று கருதுவர். பறவைகளுக்குப் புதிய பாதுகாப்புச் சட்டம் பிரித்தானியாவில் நிறைவேறியதும் அவ்வாண்டே. ஆயினும் சட்டம் மரமேறிக் காவல் நில்லாது. அடுத்து வந்த ஆண்டுகளிற் குஞ்சு தேறவில்லை. 1958இல் பறவைகள் பாதுகாப்பு றோயல் சங்கத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வாட்டர்ஸ்டன் என்பார் இரவும் பகலும் ஆள் வைத்துக் கூட்டைக் காத்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்து இரவொன்றில் ஒருவன் இருளிலே மரமேறி முட்டைகளைக் கவர்ந்தான். காவலர் கண்டு ஓடி வருமுன் தப்பினான். கூட்டுக்குள்ளே பார்த்தபோது கோழிமுட்டைகள் கிடந்தன. சப்பாத்துக்குப் பூசும் கபில நிற மை அவற்றின்மேற் பூசப்பட்டிருந்தது. திருடனுக்குப் பறவையை ஏமாற்றும் எண்ணமா, காவலரை ஏமாற்றும் எண்ணமா என்பது தெரியவில்லை.

அடுத்த ஆண்டு வாட்டர்ஸ்டன் செய்தது பலரைத் திகைக்க வைத்தது. மறைத்துக் காப்பதை விட்டு, ஊரறியக் காப்பதென்று துணிந்தார். மரத்தைச் சுற்றி முட்கம்பி இட்டார். தக்க தூரத்தே ஒரு மறைகுடிலும் அதிலே தொலைநோக்கிகளும் அமைத்து, வந்து பாருங்கள் என்று நாட்டுக்கு அறிவித்தார். 1959ஆம் ஆண்டுக் கோடையிலே ஏறக்குறைய 14,000 பேர் வந்து பார்த்தனர். மூன்று குஞ்சுகள் பறந்தன. அரியதொன்றை ஒளித்து வைத்தாற்றான் பிழைக்கும் என்பதே அதுவரை இருந்த முறை. பல்லாயிரம் கண்கள் காவலாகவும் ஆகும் என்பதை அக்கோடை காட்டிற்று. இம்முடிவு சரியானதே என்பது என் துணிபு. ஆயினும் அது ஒரு கூட்டுக்குரிய சரி. எல்லாக் கூட்டுக்கும் பொருந்துவதன்று. இதனைப் பின்னர்க் கூறுவேன்.

மறைகுடிலில் இருப்போர் காண்பது என்ன? நெடுநேரம் ஒன்றுமில்லை. பெண்பறவையின் தலை மட்டும் கூட்டு விளிம்பின்மேல் தெரியும். அடைகாக்கும் காலம் ஏறக்குறைய 37 நாள்; அதிற் பெரும்பகுதி அதன் பொறுப்பு. ஆண் வந்து சிறிது நேரம் இடம் மாற்றிக்கொள்ளும். பொரித்தபின் மீன் கொணர்தல் ஆணின் தொழில். பெரும்பாலும் மீனின் தலையைத் தான் அயலிலுள்ள மரத்திலிருந்து உண்டு, மிகுதியைக் கூட்டிற் கொண்டு வந்து வைக்கும். இதைக் கஞ்சத்தனம் என்பாரும் உளர்; நாள் முழுதும் உழைப்பவன் வழியிலே ஒரு வாய் உண்பது குற்றமோ? பெண் அம்மீனைச் சிறிது சிறிதாகக் கிழித்துக் குஞ்சுகளின் அலகிற் பதமாகக் கொடுக்கும். முட்டைகள் ஒரே நாளிற் பொரியா. ஆகலின் குஞ்சுகளில் மூத்தது இளையது என்னும் வேறுபாடு உண்டு. மீன் மிகுந்த காலத்து அவ்வேறுபாடு தெரியாது. மீன் குறைந்தால் மூத்தது முந்தி உண்ணும். கடைக்குட்டி ஒதுங்கிக் குனிந்து கிடக்கும். அதனைத் தொலைநோக்கியிற் கண்டுகொண்டு வாளா இருத்தல் பலர்க்கு இயலாத செயல். 2010இல் லொக் ஒவ் த லோஸ் என்னும் ஏரியிலே மிக முதிர்ந்த பெண்பறவை ஒன்று நோயுற்றுக் கூட்டிற் கிடந்தபோது, கமெரா வழியாக அதனைப் பல நாடுகளிலும் இருந்து மக்கள் பார்த்து வருந்தினர். அது தானாகவே எழுந்து, மேலும் சில ஆண்டு முட்டையிட்டது.

மழை பெய்யும்போது தாய் சிறகை விரித்துக் குஞ்சுகளின்மேல் நிற்கும். மழைக்கு அஃது உதவும், காற்றுக்கு உதவாது. 2004இல் வேல்ஸ் நாட்டிலே கிளஸ்லின் பள்ளத்தாக்கில் ஓரிணை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. வேல்ஸ் அத்தகைய காட்சியைக் கண்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. கோடைப் புயலொன்றில் கூடு மரத்தினின்றும் வீழ்ந்தது, குஞ்சுகள் மாண்டன. அக்கூட்டைக் காத்து நின்றோர் அவ்விடத்தே உறுதியான தளம் ஒன்று அமைத்து, அதன்மேற் சுள்ளிகளை அடுக்கிக் கூடு செய்து வைத்தனர். 2005இல் அவ்விணை வந்து அதை ஏற்றுக்கொண்டு குஞ்சுகளை வளர்த்தது.

ஒருவர் கட்டிய வீட்டிலே இன்னொருவர் குடிபுகத் தயங்குவது மனித இயல்பு. விராலடிப்பானுக்கோ கட்டிய கூடு கிடைப்பது பெரும் பேறு. இளம் ஆண்பறவை புதிதாகக் கூடு கட்டுமாயின், அனுபவக் குறைவினால் வலுவற்ற கிளையிற் கட்டிவிடும்; இரண்டொரு ஆண்டு வீணாய்ப் போகும். பழங்கூடு ஒன்று கண்ணிற் பட்டால், 'முன்னோர் வாழ்ந்த இடம், ஆகலின் வாழத்தக்க இடம்' என்று அது கொள்ளும் போலும். இவ்வியல்பை நன்கு அறிந்து பயன்படுத்தியவர் ரோய் டென்னிஸ் என்பவர். 1960இல் இளைஞராக லொக் கார்ட்டனிற் காவலிருந்து தொடங்கியவர். பின்னர்ப் பல பத்தாண்டுகள் மரமேறிக் கூடு கட்டுவதையே ஒரு கலையாகக் கொண்டவர். மரத்தின் உச்சியை அறுத்துச் சமமாக்கி, மூன்றடிக்கு மேல் அகலமுள்ள சட்டத்தை இறுக்கி, தடித்த சுள்ளிகளை விளிம்பிலும் மெல்லியவற்றை உள்ளுமாக அடுக்கி, பாசியும் புற்கரணையும் இட்டு நடுவைக் குழிவாக்குவர். அருகே பறவை இருத்தற்கு உலர்ந்த கிளை ஒன்று விடுவர். இறுதியிலே வெள்ளைச் சாயத்தைக் கூட்டின் விளிம்பிலும் கீழ்க்கிளைகளிலும் தெளிப்பர். அது எதற்கென்றால், எச்சம் போலத் தோன்றுதற்கு. மேலே பறக்கும் பறவை அதனைக் கண்டு, இங்கே குடியிருப்பு உண்டு என நம்பும். பொய்தான், எனினும் புரை தீர்ந்த நன்மை பயக்கும் பொய்யின் பாற்படும் என்று கொள்க.

இனி வழக்குக்கு வருவோம்.

கூடு கட்டிக் கொடுப்பதே தகாது என்பார் ஒரு சாரார். வனப்பறவையை வீட்டுக்கோழியாக்குதல் அது. இயற்கை தன் வழியே போகட்டும் என்பது அவர் கூற்று. கேட்க இனிய கூற்று. ஆனால் இயற்கையை அதன் வழியிலே மனிதன் எப்போது விட்டான்? பின்லாந்தைப் பார்க்க. தட்டை முடியுடைய முதிய பைன் மரங்களே விராலடிப்பானுக்கு உரியன. அவை முதிர்வதற்கு நூறாண்டுக்கு மேற் செல்லும். காட்டுத்தொழிலோ அதற்கு முன்பே அவற்றை வெட்டிவிடுகின்றது. இளமரங்களின் நுனி கூட்டைத் தாங்காது. 1971 முதல் பேர்ட்டி சவுரோலா என்னும் ஆராய்ச்சியாளரின் தலைமையிலே அந்நாட்டார் கூடுகளைக் கணக்கெடுத்தும் புதியன அமைத்தும் வந்தனர். இன்று அங்கே குடியிருக்கும் கூடுகளில் ஏறக்குறையப் பாதி மனிதன் கட்டியவை. அவை இயற்கைக் கூடுகளை விடக் குறைவாகவே வீழ்கின்றன. மரத்தை வெட்டியவன் தளம் கட்டுதல் தருமமன்று, கடன். இன்னொன்றும் நோக்குக. கிழக்கு ஜேர்மனிப் பகுதிகளிலே எவரும் அழையாமலே விராலடிப்பான் மின்கம்பிக் கோபுரங்களின் உச்சியிற் கூடு கட்டத் தொடங்கிற்று. இப்போது பெரும்பாலான இணைகள் அங்கேயே வாழ்கின்றன. மின்சாரப் பகுதியார் கோபுர உச்சியிற் கூடைபோன்ற தளங்களை வைத்துக் கொடுக்கின்றனர். உயரமும் உறுதியும் திறந்த வானமுமே அதற்கு வேண்டுவன. மரமா இரும்பா என்பது நமது கவலை.

அடுத்த பிணக்கு, கூட்டைக் காணும் இடத்தில் வைப்பதா, காணா இடத்தில் வைப்பதா என்பது. கூடு அமைக்கப் பணம் வேண்டும். பணம் தருவோர் பறவையைப் பார்க்க விரும்புவர். ஆகலின் ஏரிக்கரையிலே, வண்டி நிறுத்தும் இடத்துக்கு எதிரே, தேநீர்ச்சாலைக்கு அண்மையிலே கம்பம் நடத் தோன்றுவது இயல்பு. பறவையைக் கேட்டால் அது வேறு சொல்லும். மீனுக்காக ஏழெட்டு மைல் பறந்து மீள்வது அதற்குப் பெரிதன்று. ஸ்கொட்லாந்திற் பல கூடுகள் நீரினின்றும் விலகிக் காட்டிலோ, வயல் நடுவே நிற்கும் தனிமரத்திலோ உள்ளன. நீர் தெரியும் இடம் வேண்டும் என்பது மனிதனின் ஆசை. நாற்புறமும் தெரியும் இடம் வேண்டும் என்பதே பறவையின் தேவை. கரையோரத் தளங்களிலே வேறோர் இடரும் உண்டு: விராலடிப்பான் ஆபிரிக்காவினின்றும் திரும்புமுன்னரே பெருவாத்துகள் அங்கே ஏறி முட்டையிட்டுவிடும். உரிய வாடகைக்காரன் வரும்போது வீடு நிரம்பியிருக்கும்.

லொக் கார்ட்டன் போல ஒன்றிரண்டு இடங்களை மக்களுக்குத் திறந்து, ஏனையவற்றின் இருப்பிடத்தைப் பறவையறிவோர் தம்முள்ளேயே வைத்துக்கொள்வதுதான் தகும். திறந்த இடத்துக்கும் தீங்கு வாராமலில்லை. 1986இல் லொக் கார்ட்டன் மரத்தையே சிலர் வாளால் அறுத்தனர். கூட்டைச் செயற்கையாக மீள அமைக்க நேர்ந்தது. ஆனால் அம்மரத்தை நாடறியும். ஆதலால் அத்தீங்கையும் நாடறிந்தது. எவரும் அறியாத மரத்தில் நடப்பதை எவர் கேட்பார்?

இவற்றிலெல்லாம் பெரியது, அண்மையா சேய்மையா என்னும் பிணக்கு. இளம் ஆண்பறவை தான் பிறந்த இடத்துக்கு அருகேயே வீடு தேடும். பெண் சற்றுத் தொலைவும் செல்லும். அதனால் இவ்வினம் பெருகினாலும் பரவுவது மெதுவாக. ஸ்கொட்லாந்தில் 1991இல் 71 இணைகளாயும் 2001இல் 158 இணைகளாயும் பெருகின. ஆனால் தெற்கே இங்கிலாந்து வெறிதாகவே கிடந்தது. இருக்கும் கூடுகளுக்கு இடையிடையே புதிய தளங்களை வைத்தால் விரைவிற் குடியேறும் என்பது உண்மை. ஆயினும் மீன் அளவுபட்ட இடத்தே கூடுகள் நெருங்கினால் அயலார் பூசல் மிகும். பிற பறவைகள் ஓயாது வந்து சுற்றும், ஆண் மீன் பிடிப்பதை விட்டுக் காவல் காக்கும், முட்டை குளிரும். எனவே வாழும் எல்லையின் ஓரத்திலும் அதற்கு அப்பாலும் வைத்தலே சிறந்தது என்பது டென்னிஸ் முதலியோர் வலியுறுத்துவது. வைத்தால் மட்டும் போதுமா, பறவையையும் கொண்டுபோய் விடவேண்டுமா?

ரட்லண்ட் நீர்த்தேக்கத்திலே கொண்டுபோய் விட்டனர். 1996 முதல் 2001 வரை 64 குஞ்சுகளை ஸ்கொட்லாந்தினின்றும் எடுத்துச்சென்று, கூண்டிலிருந்தபடியே அவ்வானத்தைக் கண்டு பழகச்செய்து பறக்கவிட்டனர். பறக்கக் கற்ற இடமே அதற்குப் பிறந்த இடமாகும் என்பது அவர் நம்பிக்கை. அது பொய்க்கவில்லை. 1997இல் விடப்பட்ட ஓர் ஆண் 2001இல் அங்கே முதற் குஞ்சுக்குத் தந்தையாயிற்று. அந்நீர்த்தேக்கத்திலே அழகிய தளங்கள் பல காத்திருந்தன. அவ்வாணோ காப்பகத்துக்கு வெளியே தனியார் நிலத்தில் வாழ்ந்தது. அவ்விடத்தைக் காப்பாளர் வெளியிடவில்லை. விந்தை என்னவெனில், அதே 2001இல் வடமேற்கே பசென்துவைற் ஏரியருகில், எவரும் கொண்டுவந்து விடாத ஓரிணை, மனிதன் வைத்த தளத்திலே தானாக வந்து குஞ்சு பொரித்தது. தளம் போதும், பறவை தானே வரும் என்பார்க்கும், கொண்டுவந்து விடுதல் வேண்டும் என்பார்க்கும் ஒரே ஆண்டிற் சான்று கிடைத்துவிட்டது. தீர்ப்புக் கூறுபவனுக்கு இதனைவிடச் சங்கடம் வேறில்லை. 2004இல் வேல்ஸிற் கூடு கட்டிய ஆண்பறவைகள் ரட்லண்டில் விடப்பட்டவை என்பதை எண்ணும்போது, பின்னையோர் பக்கமே தராசு தாழ்கின்றதென எனக்குத் தோன்றுகின்றது.

அமெரிக்காவின் செய்தி வேறொரு வகையில் நினைக்கத்தக்கது. கனெக்ரிக்கட் ஆற்று முகத்துவாரத்தில் முன்னர் விராலடிப்பான் நூற்றுக்கணக்கில் இருந்தது. 1950களில் அது விரைந்து குறைந்தது. ரக்கூன் என்னும் விலங்கு முட்டைகளைத் தின்கின்றது போலும் என எண்ணிக் கம்பங்களை நட்டு, விலங்கு ஏறாதவாறு தகடு சுற்றித் தளங்கள் வைத்தனர். பறவைகள் விரும்பி ஏறின. முட்டைகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் அவை பொரிக்கவில்லை. குற்றம் இடத்தில் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். வயலிலும் சதுப்பிலும் தெளித்த டி.டி.ரி. நஞ்சு மீனுட் புகுந்து, மீனை உண்ட பறவையின் முட்டையோட்டை மெலிவித்தது. 1960களின் பிற்பகுதியிலே போல் ஸ்பிற்சர் என்பார் மேரிலாந்துப் பறவைகளின் முட்டைகளைக் கொண்டுவந்து கனெக்ரிக்கட் கூடுகளில் வைத்துப் பார்த்தார், அவை பொரித்தன. தாயில் குறையில்லை, கூட்டிலும் குறையில்லை. 1972இல் அந்நாடு டி.டி.ரி.யைத் தடைசெய்தது. அதன்பின்னரே தளங்களுக்குப் பயன் உண்டாயிற்று. செசப்பீக் விரிகுடாவில் இன்று மிகப் பல இணைகள் கப்பல்வழி காட்டும் கம்பங்களிலும் மனிதன் நட்ட தளங்களிலுமே வாழ்கின்றன.

அதே விரிகுடாவிலே மீண்டும் ஓர் இடர் எழுந்துள்ளது. வேர்ஜீனியாவிலுள்ள மொப்ஜக் குடாவில் 2023இல் குஞ்சுகள் தேறிய அளவு டி.டி.ரி. காலத்தினும் கீழ்ப்பட்டது. மென்ஹேடன் என்னும் மீன் போதாமையே காரணம் என்கின்றார் வில்லியம் அன்ட் மேரி கல்லூரியைச் சேர்ந்த பிரையன் வாட்ஸ். மீன்பிடித் தொழிலார் அதனை ஒப்புவதில்லை. ஆயினும் சில கூடுகளுக்கு ஆராய்ச்சியாளரே அம்மீனை இட்டுப் பார்த்தபோது, இடாத கூடுகளை விட அவற்றிலே குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்தன. பந்தல் போட்டு வா என்று அழைத்தவன் உலையும் ஏற்றியிருத்தல் வேண்டும். தளம் வைக்குமுன் நீரைப் பார், மீனைப் பார் என்று சொல்வோரது கட்சியை, மேலே கூறிய எல்லாக் கட்சிகளுக்கும் முன்னே நிறுத்துவேன். ஏனெனில், கூடு கண்டால் விராலடிப்பான் அவ்விடத்தை நம்பிவிடும். ஆண்டுதோறும் அங்கேயே வரும். அதன் ஆண்மக்களும் அங்கேயே வருவர். தவறான இடத்தில் வைத்த கூடு ஒரு பருவத்தோடு முடிவதில்லை.

இங்கிலாந்தின் தென்கரையிலே பூல் துறைமுகத்தில் இதனைச் சீராகச் செய்ய முயன்றனர். ஆழமற்ற அகன்ற கழி அது. மீனும் நிரம்ப உண்டு. 2017 முதல் 2021 வரை ஸ்கொட்லாந்துக் குஞ்சுகளை அங்கே பறக்கவிட்டனர், தளங்களும் அமைத்தனர். ரட்லண்டிற் பிறந்த பெண்பறவை ஒன்று அங்கே வந்து, மனிதன் வைத்த கூட்டைத் தனதென்று கொண்டது. 2019இல் அதற்கு ஓர் ஆண் கிடைத்தது. குஞ்சு பொரிக்கும் பருவம் அப்போது கடந்துவிட்டது. மறு ஆண்டு பெண் வந்தது. ஆண் ஆபிரிக்காவினின்றும் திரும்பவில்லை. ஆயினும் பெண் அவ்விடத்தைவிட்டு நீங்கவில்லை. பாசியைக் கொண்டுவந்து பரப்பும். சுள்ளியை மாற்றி அடுக்கும். துணையின்றியே கருவற்ற முட்டைகளை இட்டு அடைகாக்கவும் செய்தது. கமெரா வழியாக அதனைப் பார்த்தோர் பலர். 2022இல் வேறோர் ஆண் மீனொடு வந்து அக்கூட்டில் இறங்கிற்று. அவ்வாண்டு கோடையிலே இரண்டு குஞ்சுகள் சிறகு முற்றின. தென்னிங்கிலாந்திலே ஏறக்குறைய 180 ஆண்டுகளின் பின் பிறந்தவை அவை. இரண்டனுள் ஒன்றைக் காட்டு வல்லூறு அடித்துக் கொண்டுபோயிற்று. மற்றையது செப்ரெம்பரிலே தெற்கு நோக்கிப் புறப்பட்டது.